பின்சீட்டுச் சட்டை

என் வண்டியின் சீட்டுக்கு அடியில் துடைக்கிற துணி ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் அது என் வெளிர்நீலச் சட்டை. மார்பிலும் வலது கையிலும் பழுப்பேறிய புள்ளிகள். எத்தனை வெளுத்தும் போகவில்லை. மாமாவின் வெற்றிலை எச்சில் அது.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். முசரவாக்கத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. இருவருக்கும் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே முதலாளியிடம் தறி வேலை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாததால் நாற்பது வயது தாண்டியும் அவர் பின்னால் உட்கார்ந்துதான் போய்வந்தேன். அவர் வாயில் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும் ஊறிக்கொண்டிருக்கும். ஓட்டிக்கொண்டே தலையைச் சாய்த்துத் துப்புவார். காற்று அதை நேராக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கும். வெதுவெதுப்பாக, பொடிப்பொடியாக, கன்னத்தில், கழுத்தில், சில நாள் உதட்டில். "இன்னா மச்சான், மூஞ்சத் தொடைக்கிற, தூசா?" என்பார் கண்ணாடியில் பார்த்து. "தூசுதான் மாமா" என்பேன். அக்கா புருஷனிடம் எப்படிச் சொல்வது? கூச்சம்.

ஒருநாள் சந்தன நிறப் பட்டில் முகூர்த்தப் புடவை நெய்துகொண்டிருந்தபோது, எச்சில் ஈரம் காயாத என் சட்டைக்கை உரசிச் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்துவிட்டது. "வெத்தல போட்டுக்கினா தறியில உக்கார்ற? இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா தறிய விட்டு எறங்கிடு" என்றார் முதலாளி, எல்லோர் முன்னாலும். வெற்றிலையைத் தொட்டறியாதவன் நான். பக்கத்துத் தறியில் மாமா வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். உள்ளே நிறைய இருந்தது. அன்றே முடிவு செய்தேன். சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். இனி அந்தப் பின்சீட்டில் ஏறக் கூடாது.

அதற்கும் மாமாதான் முன்னால் நின்றார். "வண்டியப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? நம்ம கூட்டாளி ஒர்த்தன் வெச்சிக்கினு இருக்கான், வா" என்று திருப்புட்குழிக்கு அழைத்துப் போனார். மாட்டுக் கொட்டகை நிழலில் பெரிய வண்டி, டீசல் போட்டுத் துடைத்த பளபளப்போடு நின்றது. ஏறி உட்கார்ந்தால் என் கட்டைவிரல்கள்தான் தரையைத் தொட்டன. "ஆம்பள வண்டி மச்சான். ஓட்ட ஓட்டக் கால் தானா எட்டும்" என்றார் மாமா. கூட்டாளி சிரித்தார். "ஒரு வாரமா தொடவே இல்ல. ஆனா பாருங்க, ஒரே உதை" என்றார். அப்படியே ஒரே உதையில் கிளம்பியது. உடனே நிறுத்தியும் காட்டினார். எதையோ சுட்டிக்காட்டக் குனிந்த மாமாவின் உதட்டோரத்திலிருந்து சிவப்பு எச்சில் நூல்போல இறங்கி இன்ஜின்மேல் விழுந்தது. சுர்ரென்று பொங்கித் தீய்ந்தது. புகையிலை கருகிய நாற்றம். ஒரு வாரம் தொடாத வண்டி, ஒரு நொடி ஓடியதற்கு இப்படியா கொதிக்கும்? நாங்கள் வருவதற்கு முன்பே நன்றாக ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தார்கள். ஆறிக் கிடந்தால் கிளம்பாத வண்டி. நான் மாமாவைப் பார்த்தேன். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரிந்தேதான் என்னைக் கூட்டி வந்திருக்கிறார். அந்த எச்சிலைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"வேணாம் மாமா" என்றேன். வேறு வழியில்லாமல் அவர் பின்னால்தான் திரும்பி வந்தேன். வழியெல்லாம் கோபத்தோடு துப்பிக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் சமையல்காரர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அதைவிடப் பழைய, சின்ன வண்டி. டேங்க்கில் நெளிவு. முதலில் இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தேன். அம்மிக்கல்போல் குளிர்ந்திருந்தது. "காலையில நாலஞ்சு உதை கேக்கும்பா, சோக்க இழுத்து வுடணும்" என்றார் அவர். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் படிந்தன. அதையே வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதுதான் இன்றும் ஓடுகிறது.

இப்போது மாமாவுக்கு முட்டிவலி. என் பின்னால்தான் வேலைக்கு வருகிறார். "துப்பிட்டு ஏறுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். துப்புவார், ஏறியதும் புதிதாக ஒன்று போட்டுக்கொள்வார். நேற்று காதோரம் ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தார். பிடரியில் வெதுவெதுப்பாகப் பட்டது. துடைத்தேன்.

"இன்னா மச்சான், தூசா?"

"இல்ல மாமா. உங்க எச்சி."

அவர் வாயிலிருந்த மொத்தத்தையும் விழுங்குகிற சத்தம் கேட்டது. இறங்கியதும் சீட்டைத் தூக்கி அந்த நீலத் துணியை எடுத்து நீட்டினேன். எந்தச் சட்டை என்று தெரியாமல் வாயைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். பழைய புள்ளிகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று, இன்னும் ஈரமாக.