வாசலில் கழற்ற வேண்டியது

சித்தூரில் எங்கள் பழைய மிஷன் கோயிலின் வாசற்காவலர் அவர். மெலிந்த உடம்பு, வெளுத்த வேட்டி. வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார்.

சாக்ஸில் ஓட்டை இருந்த ஒரு ஞாயிறு, நான் ஷூவோடு நழுவப் பார்த்தேன்.

"மோசேவையே கழட்டச் சொன்னாரு கர்த்தரு. நீ இன்னா சார், அவருக்கு மேலயா?"

ஆராதனை முடியும்வரை என் பெருவிரல் சபையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன வருடம், சத்தியவேட்டில் வேலை பார்த்த அவருடைய மகன் சாலை விபத்தில் இறந்தான். மூடாத சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்களை அவரே வாசலில் மறித்தார். எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். அப்படியும் அவர் விலகவில்லை. மகனுக்குக் கோட்டும் புது ஷூவும் போட்டிருந்தார்கள்.

"இன்னிக்காவது வுடு நைனா," என்று மகள் அழுதாள்.

"எல்லாருக்கும் சொல்லிக்கினு இருந்தேனேம்மா. இவனுக்கு மட்டும் எப்டி வுடறது?"

பெட்டியை இறக்கச் சொல்லி, ஷூவின் கயிறுகளை மெதுவாக அவிழ்த்தார். கழற்றிய பிறகும் அந்தப் பாதங்களை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அது கீழ்ப்படிதல்தானா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கல்லறைக்குப் புறப்படும்போது நாங்கள் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டோம். அவர் தன்னுடையதைப் படியிலேயே விட்டுவிட்டு, மகனின் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்.