பெல்ட் பாட்டு

ட்ரிஷ் நொவாட்னி டிரம்ஸ் அடித்தால் குச்சி முறியும். அமெரிக்காவின் டொலிடோ ஊரில், அப்பன் வேய்னின் பெல்ட் அடிக்குப் பயந்து பக்கத்து வீட்டு கராஜில் ஒதுங்கியவள், அங்கேயே தோழிகளோடு ஒரு பாப்-பங்க் ராக் இசைக்குழுவைத் தொடங்கினாள். ஓட்டை வேனில் ஊர் ஊராக அலைந்தார்கள். மூன்று ஆல்பம் வந்தது. பேர் வாங்கித் தந்தது என்னவோ அந்த பெல்ட்டைப் பற்றி அவள் எழுதிய பாட்டுதான்.

சொந்த ஊர்க் கச்சேரியில் அந்தப் பாட்டின் நடுவே வேய்ன் கூட்டத்துக்குள் புகுந்தான். “என் மானத்த வித்தா பொழைக்கிற, நாயே?” என்று கத்தியபடி, குறுக்கே நின்ற ஒருவனின் மூக்கை உடைத்தான். மேடைக்கு முன்னால் முட்டிமோதி ஆடிக்கொண்டிருந்த ரசிகர்கள் இடித்த இடியில் வேய்ன் குப்புற விழுந்தான். ட்ரிஷ் வேகத்தைக் கூட்டினாள். மிதிபட்டுச் சாகட்டும்.

ஆனால் அந்த ஆட்டத்தில் விழுந்தவனை யாரும் மிதிப்பதில்லை. உடனே தூக்கிவிட வேண்டும், அதுதான் சட்டம். மூக்குடைந்தவனே குனிந்து கைகொடுத்தான். “எந்திரி பெருசு, ஒண்ணுமில்ல.” தலைக்கு மேல் தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றி, வேய்னை மேடையில் அவள் காலடியில் கொண்டுவந்து போட்டார்கள்.

மேடைக்கு அந்தச் சட்டம் கிடையாது. ட்ரிஷ் குச்சிகளை வீசிவிட்டு எழுந்து வந்து, அவன் இடுப்பிலிருந்த பெல்ட்டை உருவினாள்.