ஐந்தாவது பெண்

கஸ்தூரி டீச்சருக்குக் கோபம் வந்தால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வார். 1979 ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அப்படிச் செருகிக்கொண்டுதான் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தார்.

திருவண்ணாமலையில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று இருந்த அந்தச் சின்னப் பள்ளியில் அவருக்கு ஐந்து வருஷ சர்வீஸ். பையன்கள் இருபத்தேழு பேர், பெண்கள் நாலே பேர். பெண்கள் ஏன் குறைவு என்று மேலிடம் கேட்டிருந்தது. தலைமையாசிரியர் சகாதேவன் நோகாமல் பதில் எழுதி வைத்திருந்தார்: 'இவ்வட்டாரத்தில் பெண் குழந்தைகளிடையே காது கேளாமை அரிது.'

"ஏன் சார், ஆம்பள பொம்பள பாத்தா காது கெட்டுப்போவுது?"

"புதுசா ஒரு பொண்ண கொண்டாந்து சேருங்க டீச்சர், இத கிழிச்சிப் போட்டுட்றேன். திங்கக்கெழம தபால்ல போயிட்டா, பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் கேக்கவே முடியாது."

எங்கே போய்த் தேடுவது? அர்ஜுனன் ஞாபகம் வந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்த மாதம்தான் சேர்ந்த ஏழு வயசுப் பையன். தனியாக வளர்ந்த பிள்ளைகள் சோறு, தண்ணி என்று நாலு சைகையோடு வந்து நிற்கும். இவனோ வந்த அன்றே கையாலேயே கதை சொன்னான். வீட்டில் பதில் பேச இன்னொரு ஜோடி கை இல்லாமல் இது வந்திருக்காது. மூணு வாரமாக இது மண்டையில் ஏறவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறினார்.

பையனின் அப்பா கண்ணாயிரம் மரியாதையாக மோர் கொடுத்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு, "ரெண்டுங்க. பெரியவ கட்டிக்குடுக்கிற வயசு. அப்புறம் அர்ஜுனன்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால், மல்லாட்டைக் கடலை காயும் களத்தில், ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி காவலுக்கு நின்றிருந்தாள். கஸ்தூரி பலமாகக் கைதட்டினார். காக்காய்கள் பறந்தன. அவள் திரும்பவில்லை.

"அது யாருங்க?"

"அதுவா... அது வீட்டோட இருக்கட்டுங்க. ரெண்டு செவிடுன்னு வெளிய தெரிஞ்சா பெரியவள எவன் கட்டுவான்? ஆம்பளப் புள்ள பொழைக்கணும், அவன அனுப்பினேன்."

கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காக்காய் ஓட்ட மட்டும் ஆளாம், பிள்ளை என்று எண்ணும்போது ஆள் இல்லையாம்! தெருவே கூடி வேடிக்கை பார்க்கும்படி ஒரு மணி நேரம் சண்டை போட்டார். கண்ணாயிரம் மசியவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பே, அம்மாக்காரி ராஜம்மாள் பெண்ணோடு கேட்டில் நின்றிருந்தாள்.

"அவுரு கழனிக்குப் போயிட்டாரு. வந்தா நான் பேசிக்கிறேன். நீங்க சேத்துக்குங்க டீச்சர்."

கஸ்தூரிக்குத் தலைகால் புரியவில்லை. சேர்க்கைப் பதிவேட்டை விரித்துப் பேனாவைத் திறந்தார். "பேரு?"

ராஜம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "வெச்சோம்ங்க. கூப்பிட்டா கேக்காதுன்னு யாரும் கூப்பிடறதில்ல... ஆதிலட்சுமி. ஆமாங்க, ஆதிலட்சுமி."

பெத்தவளுக்கே யோசிக்க வேண்டியிருக்கிறதா என்று கத்துவதற்கு கஸ்தூரி வாயைத் திறந்தார். அப்போதுதான் உறைத்தது. அந்த ஒரு மணி நேரச் சண்டையில், அந்தப் பெண்ணின் பேரைத் தானும் கேட்கவில்லை.