ரெவாஸின் முறை

மாட்டின் முன்னங்கால்களைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஓதார் அதைச் சொன்னான்.

“நாளைக்குக் கல்யாண மேசையில செத்தவங்களுக்காகப் பேசுவியே, அப்ப அந்த வார்லாம் முன்னாடி எங்க அண்ணன் பேரை எடுத்தேன்னா, நான் எந்திரிச்சிருவேன்.”

ஜான்சுக் கயிற்றை இறுக்கினார். “எடுக்கலைன்னா?”

“எடுக்கலைன்னாலும் எந்திரிப்பேன்.”

“அப்ப உன்னை உட்கார வைக்க என்னதான்டா வழி?”

“அதை நீதான் யோசிக்கணும். தமாதா நீதானே?”

மாடு திமிறியது. ஓதார் அதன் கொம்புகளைப் பிடித்துத் தலையைத் தரையோடு அழுத்தினான். ஜான்சுக்கின் கத்தி ஒரே இழுப்பில் கழுத்தைக் கடந்தது. சூடான ரத்தம் இருவரின் பூட்ஸ்களிலும் அடித்தது. ஓதாரின் வலது பூட்ஸுக்குள் இன்னொரு கத்தியின் மரப்பிடி செருகியிருந்ததை ஜான்சுக் பார்த்தார். மாடறுக்க வந்தவனுக்கு அந்தக் கத்தி தேவையே இல்லை.

லெண்டெக்கி என்ற மலையூருக்கு மேலே உள்ள எட்டு ஊர்களுக்கும் ஜான்சுக்தான் கசாப்புக்காரர். பன்றியோ காளையோ, அவர் வெட்டினால் விலங்கு இரண்டாம் முறை கத்தாது என்பார்கள். ஒரு காலத்தில் அந்த எட்டு ஊர்களுக்கும் தமாதாவும் அவரே. மேசையின் தலைப்பக்கத்தில் நின்று கடவுளுக்கு, மண்ணுக்கு, மணமக்களுக்கு, இறந்தவர்களுக்கு, குழந்தைகளுக்கு என்று வரிசையாகப் பேசி, விடியும்வரை விருந்தை நடத்துபவர். அவர் வாய் திறந்தால் பாதிரியார்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு அதை விட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றார்.

தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

அன்றும் ஒரு கல்யாணம்தான். வீரத்துக்காகப் பேசி முடித்திருந்தார். பேச்சைத் தமாதா இன்னொருவரிடம் ஒப்படைப்பதற்கு அலாவெர்தி என்று பெயர். குடிப்பதற்கான மாட்டுக்கொம்பில் ஒயினை நிரப்பி நீட்டுவார். வாங்கியவர் எழுந்து, அதே பொருளில் பேசி, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். வலப்பக்கம் இருக்கும் மூத்தவருக்கே முதல் முறை. அன்று மூத்தவர் ரெவாஸ். கையை நீட்டிக்கொண்டு பாதி எழுந்தும்விட்டார்.

ஜான்சுக்குக்குக் கூட்டம் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வெறியில் சொன்னார்: “ரெவாஸ் பேசி முடிக்கிறதுக்குள்ள ஒயின் காடியாயிரும்பா. வார்லாம், நீ வா! அலாவெர்தி!”

மேசையே குலுங்கிச் சிரித்தது. ரெவாஸைவிட வயதில் சின்னவனான வார்லாம் எல்லோரையும்விட உரக்கச் சிரித்துக்கொண்டே கொம்பை வாங்கினான். ரெவாஸ் கையிலிருந்த மண்ஜாடியை அவன் முகத்தில் உடைத்தார். ரத்தம் கண்ணை மறைக்க, வார்லாம் கைக்குக் கிடைத்ததை எடுத்தான். பன்றியை அறுத்துப் பரிமாற ஜான்சுக் கொண்டுவந்திருந்த கத்தி அது. காலையில்தான் தீட்டியிருந்தார். விலா எலும்புகளுக்குக் கீழே அது எவ்வளவு எளிதாக இறங்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? மேசைக்குக் கீழே விழுந்த ரெவாஸ் குடல் வெளியே வராமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அரைமணி நேரம் உயிரோடு இருந்தார்.

குடிபோதைத் தகராறு என்றது நீதிமன்றம். வார்லாமுக்கு ஒன்பது வருடம். அந்த ஒரு வரி நகைச்சுவையைப் பற்றி எவரும் சாட்சி சொல்லவில்லை. சிரித்தவர்கள் எப்படிச் சொல்வார்கள்? ரெவாஸின் தம்பி ஓதார் அப்போது ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். அவனுக்குத் தெரியாது.

இப்போது ரெவாஸின் மகள் சலோமே, தலைநகரில் படித்த இடத்தில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பையன் லேவன், வார்லாமின் தங்கை மகன். ரெவாஸின் மனைவி மாக்வாலா மகளை அறைந்தாள், வீட்டில் பூட்டினாள், கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். அதைச் சொல்ல ஜான்சுக்கின் கடைக்கே வந்தாள்.

“நீதான் தமாதா. வேற யாரும் வேண்டாம்.”

“எனக்குத் தொண்டை...”

“தொண்டையைப் பத்தி எங்கிட்ட பேசாத. பொம்பளைங்க மேசையும் அன்னிக்கு அதே பந்தல்லதான் இருந்துச்சு. எனக்குக் காது நல்லாவே கேட்கும்.” அவள் கடையில் தொங்கிய மாட்டுத் தொடையில் கொழுப்பைக் கிள்ளிப் பார்த்தாள். “இதுல ரெண்டு தொடை வேணும். எலும்போட.”

மாட்டை அறுத்த அன்று மாலை ஜான்சுக் தொங்கிய மாட்டுத் தொடைகளுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தார். பெயரைச் சொல்லி ஒரு பேச்சு, சொல்லாமல் ஒரு பேச்சு, பனிச்சரிவு, காட்டாறு என்று சுற்றிவளைத்து ஒரு பேச்சு. எல்லாவற்றின் முடிவிலும் ஓதார் எழுந்தான், பூட்ஸிலிருந்து கத்தி வந்தது, வெள்ளை உடையில் சலோமே நின்றாள்.

அவர் மனைவி எதெரி உப்பு எடுக்க உள்ளே வந்தாள். “எவ்வளவு நல்லாப் பேசினாலும் மாடு கைதட்டாது. செத்துப்போச்சுல்ல?”

“ஓதார் நாளைக்கு ஒருத்தனைக் குத்தப்போறான்டி.”

“யாரை?”

ஜான்சுக் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். அந்தக் கேள்வி பேச்சைவிடப் பயனுள்ளதாக இருந்தது. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பந்தலில் முந்நூறு பேர். வார்லாம் கடைசி வரிசையில், நெற்றியில் ஜாடி கிழித்த தழும்போடு, தட்டைப் பார்த்தபடி இருந்தான். ஓதார் எதிரே உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இறைச்சி ரொட்டியை அவன் தொடவில்லை. ஜான்சுக்கின் குரல் பன்னிரண்டு வருடத் தூக்கத்திலிருந்து மெல்ல எழுந்தது. மணமக்கள் பேச்சில் கிழவர்கள் அழுதார்கள், பெற்றோர் பேச்சில் லேவனின் அப்பா பெஞ்சோடு சாய்ந்தார். “அவரைத் தூக்காதீங்க, எப்படியும் திரும்ப விழுவார்” என்று யாரோ கத்த, சிரிப்பு வெடித்தது.

பிறகு இறந்தவர்களின் முறை வந்தது. எல்லோரும் வழக்கப்படி ரொட்டித் துண்டில் ஒயினைச் சொட்டினார்கள். ஓதாரின் வலது கை மேசைக்குக் கீழே போனது.

ஜான்சுக் கொம்பை நிரப்பினார். தயாரித்து வைத்திருந்த பனியும் ஆறும் நினைவுக்கு வரவில்லை. அவற்றை அவர் தேடவும் இல்லை.

“பன்னிரண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு மேசையில இந்தக் கொம்பு ரெவாஸுக்குப் போக வேண்டியது. அவர் கையை நீட்டிட்டார். நான் அவரைக் கேலி பண்ணி, அவரைத் தாண்டி வேற ஒருத்தனுக்குக் கொடுத்தேன். நீங்க சிரிக்கணும்னு. நீங்களும் சிரிச்சீங்க. அவர் வயித்துல இறங்கின கத்தியும் என்னுதுதான். வார்லாம் ஒன்பது வருஷம் உள்ள இருந்துட்டு வந்துட்டான். நான் ஒரு நாள்கூட இருக்கலை.” கொம்பை வலப்பக்கம், மணமகள் வீட்டார் காலியாக விட்டிருந்த முதல் நாற்காலியை நோக்கி நீட்டினார். “ரெவாஸ் அண்ணே, உங்க முறை. அலாவெர்தி.”

ஓதார் எழுந்தான். வார்லாம் பக்கம் போகவில்லை. மேசைமேல் ஏறி, தட்டுகளை மிதித்துக்கொண்டு நேராக ஜான்சுக்கிடம் வந்தான். கையில் கத்தி இருந்தது.

அவர் ஒதுங்கவில்லை. கொம்பைச் சாயாமல் பிடித்துக்கொண்டார்.

கத்திப்பிடியாலேயே ஓதார் அவர் வாயில் குத்தினான். ஒரு பல் உள்ளே போயிற்று, இன்னொன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாவது குத்தில் மூக்கெலும்பு நொறுங்கியது. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது மாக்வாலாவின் குரல் கேட்டது.

“போதும் ஓதார். ஒயினைக் கொட்டிராத.”

ஓதார் மூச்சிரைக்க நின்றான். கத்தியைத் தரையில் போட்டான். ஜான்சுக்கின் ரத்தம் சொட்டிய கொம்பை அவர் விரல்களிலிருந்து பிடுங்கினான். பந்தலின் கடைசியில் வார்லாம் எழுந்து, தன் கோப்பையைத் தூக்கினான்.

“உட்காருடா! இது உன் முறை இல்லை. எங்க அண்ணன் முறை.”

வார்லாம் உட்கார்ந்தான்.

ஓதாருக்குப் பேச வரவில்லை. “எங்க அண்ணன் நிறையப் பேசுவான்தான்” என்றான். “எனக்கு அதெல்லாம் கேட்கப் பிடிக்கும்.” ஒரே மூச்சில் குடித்தான், ரத்தத்தோடு.

மாக்வாலா மேசைத் துணியொன்றைக் கொண்டுவந்து ஜான்சுக்கின் கையில் திணித்தாள். முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை. “அடுத்தது குழந்தைங்களுக்கு. மறந்துட்டியா? கறி ஆறிட்டிருக்கு.”

தமாதா மேசையை விட்டுப் போகக்கூடாது. ஜான்சுக் ரத்தத்தைத் துப்பினார், உடைந்த பல்லைத் தட்டின் ஓரத்தில் வைத்தார், கொம்பை மறுபடி நிரப்பினார். சொற்கள் பல் இடுக்குகளில் காற்றாக ஒழுகின. யாரும் சிரிக்கவில்லை. இம்முறை முதலில் வலப்பக்கம் பார்த்தார், ரெவாஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற ஓதாரிடம் கொம்பை நீட்டினார்.