எட்டு இல்லாத எண்

12345679. இந்த எண்ணில் எட்டு இல்லை. அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம், அது அப்படித்தான். ஒன்பதால் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகள் வரிசையாக வந்து நிற்கும். இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தேழு. அந்த முப்பத்தேழாலேயே மீதியில்லாமல் வகுபடும். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் பாதிக்குக் காரணம் சொல்வேன், மீதிக்கு முழிப்பேன். கணக்கு டீச்சர் என்றாலும் அவ்வளவுதான். அதை மகளின் கல்யாணப் பேச்சுக்குள் இழுத்திருக்கவே கூடாது.

மகள் பிறந்தது எட்டாம் தேதி. மாப்பிள்ளைக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. எங்களைப் போலவே ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கக் குடும்பம். அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் அம்மா, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

“நாங்க சாதகமெல்லாம் பாக்குறதில்ல டீச்சர். தேதி மட்டுந்தேன். எட்டுன்னா மனசு ஒப்ப மாட்டேங்குது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சாதகம் நுழையாத வீட்டுக்குள் எட்டு மட்டும் எந்த வழியாக வந்தது? வண்டி நம்பரைக்கூட எட்டு வராமல் கூட்டிப் பார்த்து வாங்கிவிட்டு, அதே வண்டியைப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்து வருகிற ஆட்கள் நாங்கள்.

செல்போன் கால்குலேட்டரில் 12345679 என்று அடித்துக் காட்டினேன். “இதுல எட்டே இல்ல, பாருங்க. இப்ப உங்களுக்குப் பிடிச்ச நம்பரச் சொல்லுங்க.”

“அஞ்சு.”

ஐந்தை ஒன்பதால் பெருக்கினால் நாற்பத்தைந்து. நாற்பத்தைந்தால் அந்த எண்ணைப் பெருக்கினேன். திரை முழுக்க ஐந்து. அவர் முகம் மலர்ந்தது. எட்டும் இதே மாதிரி ஓர் எண்தான் என்று காட்டிவிடும் வேகத்தில் எழுபத்திரண்டால் பெருக்கினேன். 888888888.

அவர் போனைத் தள்ளி வைத்தார். “எட்டே இல்லைன்னீக. இப்ப இம்புட்டு எட்டு வருதே. ஒதுக்கி வச்சாலும் வந்து சேரும்னு நீங்களே காட்டிட்டீக டீச்சர்.”

என் கணக்கில் தப்பே இல்லை. ஆனாலும் நான் எதை நிரூபித்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. “வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்” என்று கிளம்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் மகள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “அந்த நம்பர்ல எட்டு எங்கம்மா போச்சு?”

இதற்கு மட்டும் எனக்குக் காரணம் தெரியும். ஒன்றை எண்பத்தொன்றால் வகுத்தால் வருவதுதான் அந்த எண்; புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று இடத்துக்கு ஒன்றாக எண்கள் வந்து உட்காரும். பத்துக்கு ஓர் இடம் போதாது. அதன் ஒன்று முன்னால் இருக்கும் ஒன்பதின் மேல் ஏறும். ஒன்பது பத்தாகி, அதன் ஒன்று எட்டின் மேல் ஏறும்.

“எட்டு எங்கயும் போகல. பின்னால வந்ததெல்லாம் மேல ஏறுனதுல ஒம்பதாயிருச்சு,” என்றேன்.

அவள் குழாயை மூடினாள். “அப்ப நானும் ஒம்பதாந்தேதின்னு சொல்லிருந்தா எடுத்துக்கிட்டிருப்பாகளா?”

எடுத்துக்கொண்டிருப்பார்கள். விடை அதுதான். அவள் கழுவி வைத்த டம்ளர்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தேன்.