பூத்ததும் உழ வேண்டிய சணப்பு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. வாடிப்பட்டியை ஒட்டிய இந்த மாந்தோப்பு வீட்டில்தான் அவர் பிறந்தார். அப்பாவுக்குப் பின் தோப்பு அவர் கைக்கு வந்தபோது, மூட்டை மூட்டையாக உப்பு உரம் தின்ற மண், தார்ச்சாலைபோல் இறுகிக் கிடந்தது. பெய்த மழை உள்ளே இறங்காது, ஓடிவிடும். "வித்துட்டு செல்லூருக்கே வந்துருங்கண்ணே" என்றேன், அங்கே குடியிருக்கும் நான். அவர் விற்கவில்லை. கோடையில் ஆட்டெருவுக்காகச் செம்மறிக் கிடை போட்டார். ஆவணி மழைக்கு மரங்களுக்கிடையே தழையுரமாகச் சணப்பு விதைத்தார்.

சணப்பைப் பூத்ததும் மடக்கி உழுதுவிட வேண்டும். தண்டு இளசாக இருந்தால்தான் மட்கும். எனக்கு அது தெரியாது. முதல் வருடம் உழவன்று போயிருந்தேன். தோப்பு முழுக்க மஞ்சள், மஞ்சள், மஞ்சள். வரப்பில் டிராக்டர்.

"அண்ணே, இதையா உழப் போறீக? ஞாயித்துக்கெழம புள்ளைகளக் கூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் விடுங்க."

"கவிஞரு சொல்லிட்டாரு. வண்டியத் திருப்பு மாப்ள!"

நான் போகவில்லை. மூன்று ஞாயிறு காத்திருந்தார். ஈரம் காய்ந்தது, தண்டு முற்றி நாரானது, கலப்பையில் சுற்றிக்கொண்டது. தொலைபேசியில் கேட்டபோது, "ஒண்ணுமில்லடா, கயிறு திரிச்சுக்கிட்டு இருக்கோம்" என்று சிரித்தார். மட்காத தண்டுகளுக்கு நடுவே மரங்கள் வெளுத்து நின்றதை அண்ணி சொல்லித்தான் அறிந்தேன்.

பிறகு ஒவ்வொரு வருடமும் அழைப்பார். "பூ வந்துருச்சு. நாளைக்கு உழவு. வாரியாடா?"

"அடுத்த வாரம் வாரேண்ணே."

"அடுத்த வாரம் பூ மண்ணுக்குள்ள இருக்கும்டா."

சென்ற ஐப்பசியில் நெஞ்சுவலி. மதுரையில் மூன்று நாள் மருத்துவமனை. "மொட்டு விட்டிருக்கும்" என்றார் கடைசியாக.

பதினாறாம் நாள் காரியத்தன்று தோப்பு பூத்து நின்றது. "முப்பது கழியட்டும்ப்பா, துக்க வீட்ல ஏர் பூட்டக்கூடாது" என்றார் சித்தப்பா. "இல்ல சித்தப்பா, இன்னைக்கே உழுதுரணும்" என்றேன். வரப்பில் நின்று, பூக்கள் சாய்வதைக் கடைசிச் சால்வரை பார்த்தேன். அவரோடு நின்று பார்த்திருக்க வேண்டியது.

மருத்துவமனையில் உடனிருந்தவர்களுக்கும், இந்த வருடமும் கேட்காமலே கிடை போட்ட கீதாரி அண்ணனுக்கும், அன்று மறுக்காமல் டிராக்டர் ஓட்டி வந்த மாப்பிள்ளைக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்று நினைவுநாள் படையல் முடிந்து சாப்பிட்டபின், செருப்பைக் கழற்றிவிட்டுத் தோப்புக்குள் ஒருமுறை நடந்துவிட்டுப் போங்கள். கால் புதையும். அந்த மண்ணில் நான் ஒரு நாளும் அவரோடு நடக்கவில்லை.