பொன் கிடங்கு பார்க்கப் போன ஞாயிறு

ஒரு மடையனைக் கண்டுபிடிக்க நான் ஒக்லாந்து முழுக்க அலையத் தேவையில்லை. சான்ட்ரிங்ஹாமில் என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தால் போதும். சாம்பியாவில் செப்புச் சுரங்க ஊரொன்றில் எத்தனையோ வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு வந்த மனுசருக்கு, நியூசிலாந்தின் அதிசயம் என்று நான் காட்டக் கூட்டிப் போனது ஒரு சுரங்கத்தை.

அந்த மனுசர் என் மனைவியின் அண்ணன். தொண்ணூறுகளின் நடுவில், கையில் விசாவோடு, தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. சிட்னியிலோ அவருடைய மனைவியின் ஆட்கள் வா, வா என்று போன் எடுத்தபடி இருந்தார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் தனக்கென்று ஒரு சொந்தமும் இல்லாத என் மனைவி, அந்தக் கிழமை முழுக்க இடியப்பமும் சொதியுமாக ஆக்கிக் கொட்டினாள். இங்கேயே நில்லுங்கோ என்று மட்டும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் அண்ணன் தங்கைக்காக நின்றுவிடுவார், பிறகு அண்ணன் மனைவியின் முகத்தில் எப்படி முழிப்பது என்பது அவளுடைய பயம்.

ஆகவே அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நாட்டைச் சுற்றிக் காட்டினால் மனம் மாறும் என்று நினைப்பு. ஞாயிற்றுக்கிழமையாவது அவர்களை ஆறுதலாக இருக்க விடுங்கோ என்று மனைவி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். நான் விடியுமுன்னே எல்லோரையும் காரில் ஏற்றிவிட்டேன்.

யாழ்ப்பாணத்து விருந்தாளி களைப்பு என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். யாழ்ப்பாணத்து வீட்டுக்காரனுக்கோ, விருந்தாளி போதும் என்றால் இன்னும் ஒரு அகப்பை போடு என்று அர்த்தம். சோற்றில் பழகிய அந்தப் பழக்கத்தை நான் ஊர் காட்டுவதிலும் கடைப்பிடித்தேன். களைத்துவிட்டீர்களா என்று கேட்பேன். சீச்சீ, இல்லை என்பார்கள். உடனே அடுத்த இடம். வழியில் வீட்டுயரத்துக்கு நிற்கும் பானப் போத்தல் சிலைக்கு முன்னால் ஒரு படம். பிறகு பழைய ரயில் போன சுரங்கப்பாதை. தண்ணீர் சொட்டும் அந்த இருட்டுக்குள் மச்சான் பளபளக்கும் சப்பாத்தோடு என் பின்னால் வந்தார். வெளியே வந்ததும் அக்கா, அதாவது அவருடைய மனைவி, சேலைக் கரையைப் பிழிந்தார். களைத்துவிட்டீர்களா என்றேன். சீச்சீ என்றார்.

மத்தியானம் போலச் சுரங்க ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். கம்பிவேலிக்கு அப்பால் தட்டுத் தட்டாக இறங்கிப் போகிறது பொன் தோண்டும் கிடங்கு. அடியில் நின்ற லொறிகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. பலகையில் அப்போதுதான் வாசித்த ஆழத்தையும் அகலத்தையும் பரம்பரையாகத் தெரிந்தவன் போல ஒப்புவித்தேன். மச்சான் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"எங்கட பள்ளிக்கூட யன்னலால பாத்தா இதைவிடப் பெரிசொண்டு தெரியும்," என்றார்.

சாம்பியா அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

அக்கா நல்ல சேலை கட்டி வந்ததற்கும் நான்தான் காரணம். பொன் எடுக்கிற ஊர், சங்கிலி மலிவாக வாங்கலாம் என்று அளந்துவிட்டிருந்தேன். மீன் வாடிக்குப் போனால் மீன் மலிவுதானே. கடையில் இருந்ததோ, தண்ணீர் நிரப்பிய சின்னக் குப்பிக்குள் நாலு பொன் துகள். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கிடங்கு தோண்டி, தம்பி, ஒரு மூக்குத்திக்கும் காணாதே?"

அதோடு விட்டேனா? மரவாங்கு போட்ட சின்ன ரயில், பிறகு அருங்காட்சியகம். அங்கே சுவரில் சாய்ந்தபடி நானே கண்ணயர்ந்துவிட்டேன். பழைய சுரங்கத் தொழிலாளியின் பொம்மை என்று நினைத்தோ என்னவோ, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கிட்ட வந்து என் மீசையை ஆராய்ந்துவிட்டுப் போனாளாம்.

திரும்பும்போது அக்காவுக்குத் தலைசுற்று, முன் சீட்டில் மடியில் பொலித்தீன் பையோடு இருந்தார். மோட்டர்வேயில் கார்கள் ஊர்ந்தன. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். விடியப்புறம் எழும்பிப் புளிச்சோறு கட்டிய என் மனைவி, அண்ணனின் தோளில் தலையைப் போட்டு, வாயைத் திறந்தபடி நித்திரை. அவருடைய சேட்டில் வீணீர் வடிந்திருந்தது. குனிந்தால் அவள் எழும்பிவிடுவாள் என்று, ஈரச் சப்பாத்தைக் கையால் கழற்றாமல் ஒரு காலால் மற்றக் காலை நெம்பிக்கொண்டிருந்தார் மச்சான். அக்கா திரும்பி அவர்கள் இருவரையும் கன நேரம் பார்த்தார். பிறகு புருசனைப் பார்த்து ஒருதரம் தலையை ஆட்டினார்.

எனக்குத்தான் பொறுமை கிடையாதே. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று மச்சானிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"நிக்கிறம். நீர் இனி ஒரு இடமும் காட்டாதையும்."